அட்ரினல் கார்டெக்ஸ் புற்றுநோய்: பிரேசிலில் பத்து மடங்கு, பெண்களில் ஒன்றரை மடங்கு. எந்த வேறுபாட்டை நம்பலாம்?

கருமுகில் (கேள்வி)

வணக்கம். அட்ரினல் கார்டெக்ஸ் கார்சினோமா (சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதியில் வரும் புற்றுநோய், இனி ஏசிசி) எந்த வயதில், எந்தப் பாலினத்தில், எந்த இனக்குழுவில் கூடுதலாக வருகிறது என்று தொகுத்துக்கொண்டிருக்கிறேன். மொத்த நிகழ்வே ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர், மிஞ்சினால் இருவர். அமெரிக்காவின் சீயர் புற்றுநோய்ப் பதிவேட்டுத் தரவும் தெற்கு பிரேசில் ஆய்வுகளும் கையில் இருக்கின்றன. மூன்று இடத்தில் முட்டி நிற்கிறேன்.

சீயரில் உறுப்புக் குறியீடு சி74 என்று மட்டும் கொடுத்து 15 வயதுக்குட்பட்டவர்களை எடுத்தால், எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வருகிறது. ஏன்?

தெற்கு பிரேசில் குழந்தைகளில் இந்த நோய் மற்ற நாடுகளைவிட 10 முதல் 15 மடங்கு என்கிறார்கள். இது உண்மையான வேறுபாடா, அல்லது அங்கே தேடிப் பார்த்ததால் கூடிய எண்ணிக்கையா?

அமெரிக்க இனக்குழுக்களை ஒப்பிடும்போது சிலவற்றில் நோயாளிகள் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கிறார்கள். அந்த வீதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை போடலாமா?

பதிவேட்டு_மேசை

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். சி74 என்பது அட்ரினல் சுரப்பி முழுவதும். சி74.0 கார்டெக்ஸ், சி74.1 உள்ளே இருக்கும் மெடுல்லா, சி74.9 எந்தப் பகுதி என்று சொல்லப்படாதது. குழந்தைகளில் அட்ரினலில் வரும் புற்றுநோயில் பெரும்பங்கு மெடுல்லாவில் கிளம்பும் நியூரோபிளாஸ்டோமா, உருவக் குறியீடு (கட்டியின் செல்வகையைக் குறிப்பது, /3 என்றால் தீயது) 9500/3. அமெரிக்காவில் நியூரோபிளாஸ்டோமா பத்து லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 10. குழந்தைகளின் அட்ரினல் கார்டெக்ஸ் கட்டி 0.2 முதல் 0.3. உறுப்புக் குறியீட்டை மட்டும் நம்பினால் நீங்கள் எண்ணுவது வேறொரு நோயை.

எனவே ஏசிசியின் உருவக் குறியீடு 8370/3-ஐ முதலில் பிடியுங்கள். அதோடு சி74.0, சி74.9 இரண்டையும் சேருங்கள். சி74.9-ஐ விட்டுவிட்டால், அறிக்கையில் ‘அட்ரினல்’ என்று மட்டும் எழுதப்பட்ட உண்மையான ஏசிசிகள் நழுவிப்போகும். சி74.0-இல் 8010/3 (வகை குறிப்பிடாத கார்சினோமா), 8140/3 (வகை குறிப்பிடாத அடினோகார்சினோமா) என்றும் சில வரும். அவற்றைத் தனிக் கணக்காக வைத்து, சேர்த்தால் என்ன, விட்டால் என்ன என்று இரண்டு வகையிலும் ஓட்டிப் பாருங்கள். நுரையீரலிலிருந்து அட்ரினலுக்குப் பரவிய கட்டி, முதல் கட்டியாகப் பதிவாகி உட்காருவது இந்த இரண்டு குறியீட்டில்தான். முதியவர்களில் திடீரென்று வீதம் ஏறினால் இங்கே தேடுங்கள்.

பியோக்ரோமோசைட்டோமாவையும் (மெடுல்லாவில் வரும் இன்னொரு கட்டி) அதே கட்டுரையில் தொடப்போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. பழைய குறியீட்டில் அது 8700/0, அதாவது தீங்கற்ற கட்டி, பரவியிருந்தால்தான் /3. புற்றுநோய்க் குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-ஓவின் 3.2 பதிப்பு எல்லா பியோக்ரோமோசைட்டோமாவையும் 8700/3 ஆக்கியது. அமெரிக்கப் பதிவேடுகள் 2021 ஜனவரி முதல் அதைப் பின்பற்றுகின்றன. 2020-க்கும் 2021-க்கும் இடையே வரைபடத்தில் தெரியும் செங்குத்து ஏற்றம் அந்தக் குறியீட்டு மாற்றத்தால் வந்தது. அந்த ஆண்டைத் தாண்டிப் போக்குக்கோடு போட்டு, எந்த இனக்குழுவில் அதிகரித்தது என்று எழுதிவிடாதீர்கள்.

நாளமில்லா

பிரேசில் வேறுபாடு உண்மையானது. அரிய புற்றுநோய்களில் இவ்வளவு தெளிவாக நிறுவப்பட்ட வட்டார வேறுபாடு வேறு அதிகமில்லை. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பரனா, சாவோ பாவ்லோ பகுதிகளில் 15 வயதுக்குட்பட்ட பத்து லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 3.4 முதல் 4.2 என்பது அறிவிக்கப்பட்ட வீதம். முதலில் பூச்சிமருந்தைத்தான் சந்தேகித்தார்கள். 2001-இல் படம் மாறியது. அந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய எல்லோரிடமும் கட்டியைத் தடுக்கும் டிபி53 மரபணுவில் ஒரே மாற்றம்: 337-ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின், சுருக்கமாக ஆர்337எச். பின்னர் வந்த ஆய்வுகளில் சுற்றியுள்ள மரபணுக் குறிகளும் ஒத்திருந்தன. ஒரே மூதாதையரிடமிருந்து இறங்கி வந்த மாற்றம் என்பது அதிலிருந்து தெரிந்தது.

இது மற்ற டிபி53 மாற்றங்களைப் போன்றதல்ல. அந்த மரபணு உருவாக்கும் பி53 புரதம் நான்கு பிரதிகள் கைகோத்து நின்றால்தான் டிஎன்ஏவைப் பிடித்து வேலை செய்யும். 337-ஆம் ஆர்ஜினினும் 352-ஆம் ஆஸ்பார்டேட்டும் மின்னேற்றத்தால் ஒட்டிக்கொள்வது அந்தப் பிடிப்பின் ஒரு முடிச்சு. செல்லுக்குள் ஆர்ஜினின் தன் நேர் மின்னேற்றத்தை எளிதில் இழக்காது. ஹிஸ்டிடினின் மின்னேற்றமோ பிஎச் கொஞ்சம் உயர்ந்தாலே போய்விடும், முடிச்சும் தளர்ந்துவிடும். சாதாரண நிலையில் புரதம் ஓரளவு வேலை செய்கிறது, சில செல்களில் சில நேரத்தில் மட்டும் கைவிடுகிறது. பிறந்த பிறகு கரு அட்ரினலின் பெரிய பகுதி செல்மரணத்தால் சுருங்க வேண்டும். அந்த வேலையில் பி53 கைவிட்டால் அட்ரினலில் கட்டி எழுகிறது என்பது முன்வைக்கப்படும் விளக்கம். கட்டிக்குள் பார்த்தால் மரபணுவின் நல்ல பிரதி தொலைந்து, மாறிய பிரதி மட்டும் மிஞ்சியிருக்கும்.

இனி உங்கள் உண்மையான சந்தேகம்: தேடியதால் கூடியதா? பரனா மாநிலத்தில் பிறந்த குழந்தைகளுக்கே இந்தச் சோதனையைச் செய்து பார்த்தார்கள், 2013-இல் முடிவு வெளியானது. 1,71,649 குழந்தைகள் சோதிக்கப்பட்டார்கள். 461 பேரிடம் மாற்றம் இருந்தது, அதாவது 0.27 சதவீதம். 2012 ஏப்ரல் வரை அந்த 461 பேரில் 11 பேருக்குக் கட்டி. மாற்றமில்லாத 1,71,188 பேரில் 2 பேருக்கு மட்டும். வகுத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் 2.4 சதவீதம், மறுபக்கம் லட்சத்தில் 1.2. சுமார் 2,000 மடங்கு. 13 கட்டிகளில் 11, மக்களில் 0.27 சதவீதமே உள்ள ஒரு குழுவிலிருந்து வந்தன.

இதையே திருப்பியும் சரிபார்க்கலாம். பத்து லட்சம் குழந்தைகள் பிறந்தால் 2,700 பேர் மாற்றம் உள்ளவர்கள். அவர்களில் 2.4 சதவீதம் என்றால் 65 கட்டிகள். 15 ஆண்டுகளில் பகிர்ந்தால் ஆண்டுக்கு 4.3. பதிவான வீதம் 3.4 முதல் 4.2. மாற்றம் உள்ளவர்களின் பங்கையும் அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பையும் பெருக்கினாலே மொத்த வீதமும் ஏறத்தாழக் கிடைத்துவிடுகிறது. பூச்சிமருந்தைத் தனியாக நுழைக்க வேண்டிய அவசியமில்லை.

ஆனால் இதை ‘பிரேசிலியர்களுக்கு அதிகம்’ என்று எழுதாதீர்கள். நாட்டின் தெற்கிலும் தென்கிழக்கிலும் அடர்ந்திருக்கும் ஒரு மூதாதை மரபு இது. ‘ஹிஸ்பானிக்’ என்ற அமெரிக்கப் பெட்டியிலும் இதை அடைக்கக் கூடாது.

எண்கணக்கு

மூன்றாவது கேள்வி. அட்டவணை போடலாம், ஆனால் ஒவ்வொரு வீதத்துக்கும் பக்கத்தில் நோயாளி எண்ணிக்கையும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியும் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய கீழ், மேல் எல்லை) இருந்தாக வேண்டும். அரிய நிகழ்வுகளின் எண்ணிக்கைக்கான பாய்சான் துல்லிய இடைவெளி எப்படி விரிகிறது பாருங்கள்: 5 நோயாளி என்றால் 1.62 முதல் 11.67 வரை. 10 என்றால் 4.80 முதல் 18.39. 16 என்றால் 9.15 முதல் 25.98. ஐந்து பேரை வைத்து எழுதும் வீதத்தின் மேல் எல்லை கீழ் எல்லையைப்போல் ஏழு மடங்கு. எண்ணிக்கை 0 என்றாலும் மேல் எல்லை 3.69, ‘இந்தக் குழுவில் நோயே இல்லை’ என்று எழுத முடியாது.

அமெரிக்கப் புற்றுநோய்ப் புள்ளிவிவர வெளியீடுகளில் 16-க்குக் குறைந்தால் வீதத்தை மறைத்துவிடுவதன் காரணமும் இதுதான். 16-இன் வர்க்கமூலம் 4, ஆகவே ஒப்புப் பிழை 25 சதவீதம். அதற்குக் கீழே பிழை அதைவிடப் பெரிது.

சாதாரண ‘வீதம் கூட்டல் கழித்தல் 1.96 மடங்கு பிழை’ சூத்திரத்தைச் சின்ன எண்ணிக்கையில் போடவே போடாதீர்கள். 3 நோயாளிக்கு அது -0.4 என்று கீழ் எல்லை தரும். வயதுச் சீராக்கிய வீதத்துக்கு ஃபே–ஃபியூர் காமா முறை, அல்லது அதன் திவாரி திருத்தம். சீயர்ஸ்டாட் மென்பொருளிலேயே இருக்கிறது.

இரண்டு குழுக்களை ஒப்பிட எளிய வழி: மொத்த நோயாளிகளை நிலையாக வைத்து, மக்கள்-ஆண்டுப் (மக்கள் எண்ணிக்கை பெருக்கல் ஆண்டுகள்) பங்குப்படி எத்தனை பேர் விழவேண்டும் என்று ஈருறுப்புப் பரவலில் பார்ப்பது. ஒரு குழுவுக்கு மக்கள்-ஆண்டில் 10 சதவீதம், மொத்தம் 80 நோயாளிகள் என்று வைத்துக்கொள்வோம். 8 எதிர்பார்க்கிறோம், 5 வந்திருக்கிறது. வீத விகிதம் 0.6. ‘40 சதவீதம் குறைவு’ என்று தலைப்பு போடத் தோன்றும். ஆனால் உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் நூற்றில் 18 முறை 5 அல்லது அதற்கும் குறைவாகத்தான் விழும்.

வீதத்தின் பகுதியையும், அதாவது வகுக்கும் மக்கள்தொகையையும், கவனியுங்கள். நோயாளியின் இனம் மருத்துவமனைப் பதிவிலிருந்து வருகிறது. மக்கள்தொகையின் இனம் கணக்கெடுப்பில் அவரவர் சொன்னது. இரண்டும் பொருந்தாத குழுக்களில் வீதம் குறைந்து தெரியும். அமெரிக்கப் பழங்குடியினரின் பதிவில் இந்தச் சிக்கல் இருப்பதால்தான், அவர்களுக்கான சுகாதாரச் சேவையின் பட்டியலோடு இணைத்துத் திருத்துகிறார்கள். ‘ஹிஸ்பானிக்’ இனமல்ல, தனி மாறி. பெயர் பார்த்து முடிவு செய்யும் ஒரு வழிமுறையும் அதில் கலந்திருக்கிறது. ஆசியர், பசிபிக் தீவினர் எல்லோரும் ஒரே பெட்டியில். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் இந்தியர்களைப் பற்றி அந்த வீதத்திலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது.

இன்னொன்று, பலர் தவறவிடுவது. ஏசிசிக்கு வயதில் இரண்டு முகடு: ஐந்து வயதுக்குள் ஒன்று, 40–60 வயதில் ஒன்று. வயது வேறுபாட்டை நீக்கி ஒப்பிடப் பயன்படும் மாதிரி மக்கள்தொகைகளில் ஒன்றான சேகியின் உலகத் தரமக்கள்தொகையில் 15 வயதுக்குட்பட்டோர் 31 சதவீதம், 65-ஐத் தாண்டியோர் 7 சதவீதம். அமெரிக்க 2000 தரத்தில் அதே இரண்டும் 21, 13. ஒரே தரவுக்கு இரண்டு தரத்திலும் இரண்டு வீதம் வரும். பிரேசில் தாளில் சேகி, சீயரில் அமெரிக்கத் தரம் என்று கலந்தால், குழந்தைகளில் நோய் கூடுதலாக உள்ள இடம் இன்னும் பெரிதாகத் தெரியும். குழந்தைகளையும் பெரியவர்களையும் தனித்தனி அட்டவணையில் போட்டுவிடுங்கள். காரணமும் வேறு, நோயும் ஏறத்தாழ வேறு.

கருமுகில்

நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. துணைக்கேள்வி: ஏசிசி பெண்களில் ஒன்றரை மடங்கு அதிகம் என்பதைச் சென்னை போன்ற ஒரு நகரப் பதிவேட்டில் சரிபார்க்க முடியுமா? பெண்களில் ஹார்மோன் அறிகுறி சீக்கிரம் கண்ணில் படுவதால்தான் இந்த வேறுபாடு என்ற வாதம் எவ்வளவு நிற்கும்?

எண்கணக்கு

2011 கணக்கெடுப்பில் சென்னை மாநகர் 46.5 லட்சம். பத்து லட்சத்துக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு நான்கைந்து நோயாளி, ஐந்தாண்டில் 23. அதில் 14 பெண், 9 ஆண் என்று வந்தால் 61 சதவீதம் பெண்கள். ஆனால் நம்பிக்கை இடைவெளி சுமார் 39 முதல் 80 வரை. பாதிக்குப் பாதி என்பதையும் அது விலக்கவில்லை. பெண்கள் 60 சதவீதம் என்பதை 50-லிருந்து பிரித்துக் காட்ட, 80 சதவீத ஆற்றலோடு (வேறுபாடு உண்மையாக இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு), சுமார் 195 நோயாளிகள் வேண்டும். சென்னை அளவு ஊருக்கு 40 ஆண்டுக்கு மேல். ஒரு நகரத்தால் ஆகாது. மாநிலப் பதிவேடுகளைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே குறியீட்டு விதியோடு.

நாளமில்லா

அறிகுறி வாதம் பாதிதான் நிற்கும். ஆண்ட்ரோஜன் சுரக்கும் கட்டி பெண்ணுக்கு வந்தால் முகத்தில் ரோமம், குரல் தடித்தல், உடனே தெரியும். வளர்ந்த ஆணுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் ஏசிசி அடங்கிக் கிடக்கும் நோயல்ல. ஆணுக்கும் வலியோ, வயிற்றில் கட்டியோ, பரவிய பிறகோ வெளிப்பட்டே தீரும். தாமதம், கண்டறியும்போது நோயின் நிலையை மாற்றும். மொத்த எண்ணிக்கையைப் பெரிதாக மாற்றாது. குழந்தைகளிலும் பன்னாட்டுப் பதிவேட்டில் ஒரு பையனுக்கு 1.6 பெண் குழந்தை என்ற விகிதம் இருக்கிறது. மூன்று வயதில் அந்தரங்க முடி பையனுக்கு வந்தாலும் பெற்றோர் பதறித்தான் போவார்கள்.

திசு_வாசகர்

எல்லோரும் ‘ஏசிசி’ என்ற சொல்லை ஒரே பொருளில் எண்ணிக்கொண்டு பேசுகிறீர்கள். நுண்ணோக்கியில் அது அப்படி இல்லை.

பெரியவர்களுக்கு வைஸ் அளவுகோல்: ஒன்பது அம்சங்களில் மூன்று இருந்தால் கார்சினோமா. குழந்தைக் கட்டியில் அதைப் போட்டால், பிறகு நன்றாக வாழப்போகும் குழந்தைகளின் கட்டிகளும் கார்சினோமா ஆகிவிடும். அதனால் குழந்தைகளுக்கு வீனிகே அளவுகோல். 400 கிராமுக்கு மேல் எடை, 10.5 சென்டிமீட்டருக்கு மேல் அளவு, பெருஞ்சிரைக்குள் ஊடுருவல், நுண்ணோக்கியின் 20 பெரும்புலங்களில் 15-க்கு மேல் செல்பிரிவு என்று ஒன்பது. இரண்டு வரை தீங்கற்றது, மூன்று நிச்சயமற்றது, நான்கும் மேலும் தீயது. ஒரு மூன்று வயதுக் குழந்தையின் 150 கிராம் கட்டி, நெக்ரோசிஸ் (திசு இறந்த பகுதி), விகாரமான கருக்கள், பரவலான அடுக்கு எல்லாம் கொண்டது. வைஸின்படி புற்றுநோய், பதிவேட்டில் 8370/3. வீனிகேயின்படி தீங்கற்ற கட்டி, 8370/0, பதிவேட்டுக்கே போகாது. பிரேசில் ஆய்வுகள் பெரும்பாலும் ‘கட்டி’ என்று இரண்டையும் சேர்த்தே எண்ணுகின்றன. அந்த எண்ணை இன்னொரு நாட்டின் ‘கார்சினோமா மட்டும்’ எண்ணோடு வைத்தால் மடங்கு வீங்கும். குழந்தைகளுக்குக் கட்டியோடு கட்டியை ஒப்பிடுங்கள்.

கழுத்தில் இருந்து கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியின் கார்சினோமாவிலும் இதே வம்பு. பாராதைராய்டு அடினோமா (தீங்கற்ற கட்டி) வழி வரும் நோய் மூன்று பெண்ணுக்கு ஓர் ஆண். கார்சினோமா ஒன்றுக்கு ஒன்று, ஏறத்தாழப் பத்து வயது முன்னதாகவும் வரும். ஒரு தொகுப்பில் கார்சினோமாவும் மூன்றுக்கு ஒன்று என்று வந்திருந்தால், நான் முதலில் கேட்பது: ரத்தக்குழாய் ஊடுருவலோ, நரம்பைச் சுற்றிய ஊடுருவலோ, பக்கத்துத் திசுவுக்குள் நுழைந்ததோ, பரவலோ எத்தனை பேரில் காட்டப்பட்டது? நார்ப்பட்டையையும் ஒட்டுதலையும் மட்டும் பார்த்து ‘கார்சினோமா’ என்று எழுதியவை அதில் கலந்திருக்கும். இன்று அவற்றுக்கு ‘இயல்பற்ற பாராதைராய்டு கட்டி’ என்று தனிப் பெயர் உண்டு.

இன்னொரு பொறி, சதவீதத்தை வீதமாகப் படிப்பது. ஹைபர்பாராதைராய்டில் (அந்தச் சுரப்பி மிகையாகச் சுரக்கும் நோய்) கார்சினோமா மேலைநாடுகளில் 1 சதவீதத்துக்கும் கீழே, ஜப்பானின் பழைய தொகுப்புகளில் 5 வரை. கால்சியத்தை எல்லோருக்கும் அளக்கும் நாட்டில் சின்ன அடினோமாக்கள் குவிந்து, வகுக்கும் மொத்த எண்ணிக்கை பெருத்துவிடும், சதவீதம் விழும். எலும்பு முறிந்தும் சிறுநீரகக் கல்லோடும் வருபவர்களை மட்டும் காணும் இடத்தில் சதவீதம் ஏறும். கார்சினோமா எத்தனை என்பது இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கக்கூடும். மக்கள்தொகையை வைத்துக் கணக்கிட்டால் அமெரிக்காவில் 1988–91-இல் கோடிப் பேருக்கு 3.58, 2000–03-இல் 5.73. 60 சதவீத ஏற்றம். அதே காலத்தில் பாராதைராய்டு அறுவையும் கூடியிருந்தது.

நாளமில்லா

திசு_வாசகர் சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் பரனா சோதனைத் திட்டத்தின் 11-க்கு 2 ஒப்பீடு அதில் அடிபடாது. இரண்டு பக்கமும் ஒரே மாநிலம், ஒரே மருத்துவக் குழு, ஒரே வரையறை.

மூதாதை மரபு பிரேசிலில் மட்டும் இல்லை. டென்மார்க்கில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய்க் குடும்பங்களில் ரெட் மரபணுவின் சி611ஒய் மாற்றம் திரும்பத் திரும்ப வரும். நெதர்லாந்தில் கழுத்து, தலைப் பகுதிப் பாராகாங்க்லியோமாவுக்கு (பியோக்ரோமோசைட்டோமாவின் இனக் கட்டி, அட்ரினலுக்கு வெளியே வருவது) எஸ்டிஎச்டி மரபணுவின் டி92ஒய். இது தந்தை வழியாக வந்தால்தான் கட்டி தரும். தாய் வழியாக வந்த தலைமுறை ஏறத்தாழ முழுவதும் நலமாகத் தாண்டிவிடும். குடும்ப வரலாறு கேட்கும்போது அப்பாவோடு நிறுத்தாமல், அப்பாவின் அம்மா பக்கத்து உறவினர்கள்வரை கேட்டால்தான் சங்கிலி பிடிபடும்.

கட்டுரையைக் குழந்தை மருத்துவர்கள் படிப்பார்கள் என்றால் ஒரு பத்தி சேருங்கள். நான்கு வயதுக்குள் அந்தரங்க முடி, முகப்பரு, வேகமான உயரம், பெண் குழந்தைக்குக் கிளிட்டோரிஸ் பெரிதாதல் இவற்றில் எது தெரிந்தாலும் ‘சீக்கிரம் வளர்கிறது’ என்று விடக்கூடாது. டிஎச்இஏ சல்ஃபேட், டெஸ்டோஸ்டிரோன், கார்டிசால், வயிற்று அல்ட்ராசவுண்ட். கட்டி இருந்தால் ஊசி போட்டுத் திசு மாதிரி எடுக்கக் கூடாது. உறை கிழிந்தால் செல்கள் வயிற்றுக்குள் சிதறும். அறுவைக்கு முன் மெட்டனெஃப்ரின் அளந்து பியோக்ரோமோசைட்டோமாவை விலக்குங்கள்.

கார்டெக்ஸ் கட்டி உறுதியானால், குழந்தை எந்த நாட்டவராக இருந்தாலும், குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இல்லாவிட்டாலும், ரத்தத்தில் டிபி53 பாருங்கள். பிரேசிலுக்கு வெளியேயும் இந்தக் குழந்தைகளில் பாதிப் பேருக்காவது பிறவியிலேயே அந்த மரபணுவில் மாற்றம் இருக்கிறது. மாற்றம் இருந்தால் கதிர்வீச்சுச் சிகிச்சையை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். அதே மாற்றம் உள்ள தம்பி தங்கைகளுக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் செய்ய வேண்டும். பரனாவில் இப்படிப் பின்தொடர்ந்த குழந்தைகளில் கட்டி சிறிதாக இருக்கும்போதே அகப்பட்டது.